நாற்றத்தின் சொந்தக்காரர்கள்

அந்த ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாம் மாடியில் நாற்றம் கிளம்பியபோது அது யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அழுகிய மீன் நாற்றம். மாடியில் கடலோடு ஒட்டு உறவு உள்ளது ஒரே ஒரு அறை. அங்கே ஒருத்தி இறால் வளர்க்கிறாள். பிறகென்ன கேள்வி? ஒரு நட்சத்திரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்டால் நாலு கருவியால் அளந்து, ஐந்தாவதால் சரிபார்த்து, அப்புறமும் 'தோராயமாக' என்று இழுக்கிறவர்கள்தான் எல்லாரும். மூக்கில் ஏறின விஷயத்துக்கு மட்டும் நின்ற நிற்பில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

அவளை நிலையத்தில் இறால்காரி என்றுதான் சொல்வார்கள். கூடை தூக்கி விற்கிறவள் என்று நினைத்துவிடக் கூடாது. இறாலுக்கு வரும் நோயையும் அதை இறாலின் உடம்பு எதிர்த்து நிற்கும் விதத்தையும் ஆராய்கிற முனைவர். மாடியின் கோடி அறை அவளுடையது. அதற்கு முந்தின அறையில், காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்துப் பிடிக்கிற எந்திரம் ஓடுகிறது. அதற்குத் தலைவர் அவளுடைய மூத்தார், அதாவது கணவனின் அண்ணன். கரியண்ணன் என்பது நிலையம் அவருக்குச் சூட்டிய பெயர். அதற்கும் முந்தின அறையில் கரிம வேதியியல். அங்கே குடுவைகளோடு குடித்தனம் நடத்துகிறவன் அவளுடைய கணவன். அவன் தயாரிக்கிற வெள்ளைத் தூள்தான் அண்ணனின் எந்திரத்துக்குள் உட்கார்ந்து கரியமில வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மூன்று அறை, ஒரே குடும்பம். மாமியார் இதை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பாள்: "சின்னவன் கலக்குறான், பெரியவன் பிடிக்கிறான், மருமக வளக்குறா. வீட்டுல யாரும் சமைக்கிறதில்ல."

இறால்காரியின் ஆராய்ச்சி என்னவென்று கேட்டால் அவள் ஒரே வரியில் சொல்லுவாள்: இறால் மறப்பதில்லை. பாடப்புத்தகம் அப்படிச் சொல்வதில்லை. நமக்கு ஒருமுறை அம்மை வந்தால் உடம்பு அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை வாசலிலேயே விரட்டிவிடும். இறாலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, வெண்புள்ளி நோய் வந்தால் குளத்தோடு போய்ச் சேரவேண்டியதுதான் என்பது புத்தகம். அவள் பாதித் தொட்டிகளில் செத்த வைரஸை இரையில் கலந்து கொடுத்தாள். மீதித் தொட்டிகளுக்கு வெறும் இரை. முதல் கூட்டத்துக்குப் 'பார்த்தவை' என்றும் மற்றதுக்குப் 'பார்க்காதவை' என்றும் பெயர் வைத்தாள். அவற்றின் குஞ்சுகளை வளர்த்தாள், குஞ்சுகளின் குஞ்சுகளை வளர்த்தாள். இனி எல்லாவற்றுக்கும் உயிருள்ள வைரஸைக் கொடுத்து எது பிழைக்கிறது என்று பார்க்கவேண்டியதுதான் பாக்கி. இறால்கள் அந்த வயதுக்கு வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. மூன்று வருஷ உழைப்பும், அடுத்து அவளுக்கு வேலை உண்டா இல்லையா என்பதும் அந்த ஒரு மாதத்தின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தன.

அந்த நேரம் பார்த்துத்தான் நாற்றம் உச்சத்துக்குப் போயிற்று. ஆறு மாதத்துக்கு முன் லேசாக ஆரம்பித்தது, இப்போது மாடிப்படி ஏறும்போதே ஆளை வரவேற்றது. அவள் மின்தூக்கிக்குள் நுழைந்தால் உள்ளே இருக்கிறவர்கள் கைக்குட்டையைத் தேடினார்கள். சாப்பாட்டு அறையில் அவள் உட்கார்ந்த மேசை தானாகக் காலியாகும். ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஊர் மூக்கு அதைவிட மோசம்.

வெட்கக்கேடு என்னவென்றால், அவளும் நம்பினாள். தன் தொட்டித் தண்ணீரை முகர்ந்து பார்த்தால் உப்பு வாசனைதான் வந்தது. தனக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வடிகட்டிகளை மாற்றினாள். தரையைத் தேய்த்து எடுத்தாள். வீட்டுக்குப் போய் எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கையில் தேய்த்துக் குளித்தாள். ஒரு வாரம் இறாலுக்கு இரையைக்கூடக் குறைத்துப் பார்த்தாள். அவை பசியில் தொட்டிச் சுவரைச் சுரண்டுவதைப் பார்த்து அழுகை வந்து, மறுபடி பழைய அளவுக்கே போட்டாள். இறாலுக்கு ஒன்று செய்தால் அதே மாதிரி இன்னொரு தொட்டியைச் செய்யாமல் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறவள், தன் மேல் விழுந்த பழியை எதோடும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எல்லாரும் சொல்கிறார்களே, பொய்யாகவா இருக்கும்?

இயக்குநர் ஒரு குழு போட்டார். 'துர்நாற்ற மூலம் கண்டறியும் குழு' என்று பெயர். தலைவராகப் பாறைகளை ஆராய்கிற ஒரு மூத்தவரை நியமித்தார்கள். அவருக்குப் பல வருஷமாகப் பீனிசம். பக்கத்தில் கற்பூரம் கொளுத்தினாலும் தெரியாது. அதனால்தான் பாரபட்சம் இல்லாமல் இருப்பார் என்று இயக்குநர் சொன்னார். குழு மாடி முழுக்க நடந்து, இடத்துக்கு இடம் நாற்றத்துக்கு மதிப்பெண் போட்டு, வண்ண வண்ணமாக ஒரு வரைபடம் தயாரித்தது. எங்கே நாற்றம் அதிகமோ அங்கே சிவப்பு. வரைபடத்தில் இறால் அறை வெளிர் மஞ்சளாக இருந்தது. கரியண்ணனின் அறைதான் ரத்தச் சிவப்பாக இருந்தது.

வேறு யாராவது இருந்தால் அங்கேயே விஷயம் முடிந்திருக்கும். இவர்கள் படித்தவர்கள். நாற்றம் இறால் அறையில் பிறந்து, காற்றோட்டத்தால் தள்ளப்பட்டு, பக்கத்து அறையில் போய்த் தேங்குகிறது என்று விளக்கம் எழுதினார்கள். கோடி அறையில் சிவப்பு வராதது எப்படி என்று ஒருவர் கேட்டதற்கு, அது அளவீட்டுப் பிழை என்று பதில் வந்தது. கரியண்ணன் குழுவுக்கு முன்னால் வந்து, "ஆறு மாசமா இந்த நாத்தத்தை என் அறை தாங்கிக்கிட்டு இருக்கு. தம்பி பொண்டாட்டியாச்சேன்னு நான் வாயைத் திறக்கல," என்று கண் கலங்கினார். குழு அவருடைய பெருந்தன்மையைப் பாராட்டி ஒரு வரி சேர்த்தது. இறால்காரி எழுந்து அவருக்கு நன்றி சொன்னாள்.

அதற்கப்புறம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்து நாள் வீட்டில் படுத்துக் கிடந்தாள். இரையைத் தானாகக் கொட்டும் பெட்டி இறால்களைப் பார்த்துக்கொண்டது. கணவன் அந்த அறைக்குள் தலையைக்கூட நீட்டவில்லை. படுக்கையில் இருந்தபோதுதான் கைபேசியில் இயக்குநரின் உத்தரவு வந்தது. வெளியிலிருந்து ஒரு பெரிய குழு கரிப்பிடிப்பு எந்திரத்தைப் பார்வையிட வருகிறது. பிடித்துப்போனால் பல வருஷங்களுக்கு நிதி. ஆகவே அவர்கள் வருவதற்குள் இறால் தொட்டிகளில் பிளீச்சிங் பவுடர் போட்டு உயிரினங்களை அழித்து அறையைக் காலி செய்யவும். ஒத்துழைப்புக்கு நன்றி.

அன்று சாயங்காலம் கணவன் வேலை முடிந்து வந்தான். மாமியார் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் தண்ணீர் குடிக்க உள்ளே நுழைந்தான். மாமியார் திரும்பாமலே, "காய்ச்சலோட எதுக்கும்மா எழுந்து வர்றே? போய்ப் படு. நாத்தம் வாசல்லயே அடிக்குது," என்றாள்.

"நான்தாம்மா," என்றான் அவன்.

திறந்திருந்த கதவு வழியாக இது படுக்கையில் கிடந்தவளின் காதில் விழுந்தது. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்து முகர்ந்தாள். அழுகிய மீன். அவள் தொட்டிப் பக்கம் போய் ஐந்து நாளாகிறது. அவன் அந்தப் பக்கம் போனதே இல்லை.

"இது என்ன?"

அவன் தம்ளரைக் கீழே வைத்தான். "அமீன்," என்றான்.

"என்ன அமீன்?"

"தூள்தான். புதுத் தூள். வாயுவைப் பிடிச்சிருக்கும்போது வாசனை வராது. வாயுவை வெளிய எடுக்கறதுக்காகச் சூடு பண்ணுவோம்ல, அப்ப கொஞ்சம் ஆவியா வரும். மீன் அழுகினா வர்றதும் அதே குடும்பம்தான்."

"உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"மொத நாள்லேருந்து. எந்த வேதியியல்காரனுக்கும் தெரியும்."

"எந்த வேதியியல்காரனுக்கும் தெரியும்!" அவளுக்குக் காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. "ஆறு மாசமா நான் எலுமிச்சம்பழத்தைத் தேச்சுத் தேச்சுக் குளிக்கறேன். பக்கத்துல படுத்துட்டு வேடிக்கை பாத்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீ கேக்கலையே."

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று அவனைப் பற்றி அவளுடைய அம்மா கல்யாணத்துக்கு முன்பே சொன்னாள். பொய் சொல்லவே மாட்டான். கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொல்லுவான். கேட்காததை அடித்தாலும் சொல்ல மாட்டான். இதை அடக்கம் என்று நினைத்துத்தான் அவள் கழுத்தை நீட்டினாள்.

"குழு?"

"குழு உன்னைத்தான் கூப்பிட்டுச்சு. என்னைக் கூப்பிட்டா சொல்லியிருப்பேன். நானாப் போய்ச் சொன்னா அண்ணனுக்குத்தானே கெட்ட பேர்?"

எனக்கு வந்தது என்ன பேர் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் நேர்மையாகப் பதில் சொல்லித் தொலைப்பான். அவளுக்கு ஆத்திரத்தைவிட அவமானம் அதிகமாக இருந்தது. ஆறு மாதம் ஊரே மூக்கைப் பொத்தியது பெரிதில்லை. வீட்டில் ஒருத்தன் மூக்கைப் பொத்தாமல் இருந்ததைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, அதுதான் தாங்கவில்லை.

சத்தம் கேட்டு மேல் வீட்டிலிருந்து கரியண்ணன் இறங்கி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் ஆச்சரியப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குடும்பத்துப் பெரியவர் குரலில் ஆரம்பித்தார்.

"ஏம்மா, உணர்ச்சிவசப்படாம யோசி. இறால் எங்க போகுது? கடல்ல எவ்வளவு கிடக்கு! மறுபடி புடிச்சு ஆரம்பிச்சுக்கலாம். என் எந்திரம் அப்படியா? நாறுதுன்னு ஒரு பேச்சு கிளம்பிட்டா அவ்வளவுதான், திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க."

"அத்தான், நீங்க எந்திரத்தை நிறுத்தினா அது நிக்கும், அவ்வளவுதான். என் இறால் செத்துப் போயிடும்."

"சரிம்மா. உசிருக்கு யாரு நிதி தர்றாங்க?"

அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார்.

மறுநாள் காலை காய்ச்சல் விட்டும் விடாமலும் இயக்குநர் அறைக்குப் போனாள். இயக்குநர் நல்ல மனிதர். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டு கேட்பார். கேட்டு முடித்ததும் முதலில் சொன்னதையே திரும்பச் சொல்லுவார்.

"கரியமில வாயுவுக்கு வாசனை உண்டாம்மா?"

"கிடையாது சார்."

"அப்புறம்?"

"வாயுவுக்கு இல்ல சார். அதைப் பிடிக்கிற தூளுக்கு இருக்கு. சூடு பண்ணும்போது—"

"இந்த எந்திரம் பூமியையே காப்பாத்தப் போகுதும்மா. அது நாறுதுன்னு எப்படிச் சொல்ல முடியும்?"

"ஒரே ஒரு நாள் எந்திரத்தை நிறுத்திப் பாக்கலாம் சார். நாத்தம் நின்னுடும்."

"எந்திரத்தை நிறுத்தினா தொடர்ச்சி விட்டுப் போயிடும். உங்க இறாலை ஒரு நாள் நிறுத்திப் பாக்கலாமே?"

"இறாலை நிறுத்தினா செத்துப் போயிடும் சார்."

"அதைத்தான் உத்தரவுல போட்டிருக்கேன்," என்றார் இயக்குநர், சிக்கல் தீர்ந்த நிம்மதியோடு.

இவர்களிடம் வாதாடுவது செவிடன் காதில் ஊதின சங்கு. "நானே அழிச்சிடறேன் சார், யாரும் வர வேண்டாம்," என்றாள். யாரும் வர விரும்பவும் இல்லை. உயிரினங்கள் அழிக்கப்பட்டதாகக் குழுவின் அறிக்கை முந்தின நாளே தயாராகிவிட்டிருந்தது. பாறைக்காரர் அதில் 'முழுத் திருப்தி' என்று கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார்.

வெளியே வந்து கணவனின் அறைக் கதவைத் தட்டினாள். அவனோடு பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்; இறாலுக்காக அதை ஒத்திவைத்தாள்.

"வண்டியை எடுங்க."

எங்கே, எதற்கு என்று அவன் கேட்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வந்தான். மூடி போட்ட வாளிகளில் பார்த்தவையும் பார்க்காதவையும் தனித்தனியாக இறங்கின. காற்றுக் குமிழி விடும் சின்னச் சின்ன மோட்டார்கள், குழாய்கள், உப்பு அளக்கும் கருவி, கடல் தண்ணீர்ப் பீப்பாய்கள். வாளியைத் தூக்கியதில் அவன் கால்சட்டை தொடை வரை நனைந்தது. அப்படியும் மறுபடி கையை நீட்டினான். அதற்காக அவள் மனம் இளகிவிட்டது என்று சொல்ல முடியாது. அடுத்த வாளியை இன்னும் நிரப்பிக் கொடுத்தாள்.

வீட்டுக் குளியலறையில் இரண்டு பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள் குடியேறின. மாமியார் துண்டும் கையுமாக வாசலில் நின்று பார்த்தாள்.

"இனிமே நான் எங்க போய்க் குளிக்கறது?"

"மேல அத்தான் வீட்டுல குளிங்க அத்தை. கேட்டா இங்க குழாய் ரிப்பேர்னு சொல்லுங்க."

"நாத்தத்துல நான் எப்படி இந்த வீட்டுல இருப்பேன்?" என்றபடி மாமியார் உள்ளே வந்தாள். குனிந்தாள். மூக்கை உறிஞ்சினாள். இன்னும் குனிந்து, மீசையை ஆட்டிக்கொண்டிருந்த ஒரு இறாலுக்கு நேராக முகத்தை வைத்து உறிஞ்சினாள். "உப்புத் தண்ணி வாசனைதான் வருது," என்றாள் ஏமாற்றத்தோடு. பிறகு நிமிர்ந்து மகனைப் பார்த்தாள். அவன் தரையைத் துடைக்கத் துணி தேடிப் போய்விட்டான். இறாலைத் திருடித் தின்னக் குனிந்து பிடிபட்டவளைப் போல மாமியார் அசடு வழிந்தாள். அன்று ராத்திரி மருமகளுக்குத் தட்டில் முதலில் பரிமாறினாள். மன்னிப்பு என்ற வார்த்தை அந்த வீட்டில் புழக்கத்தில் இல்லாததால் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

பார்வையாளர்கள் வந்த நாளில் இறால் அறை வெறுந்தொட்டிகளோடு பளபளவென்று இருந்தது. மாடி எப்போதும் போல நாறியது. எந்திரம் நன்றாக ஓடவேண்டும் என்று கரியண்ணன் காலையிலிருந்தே சூட்டை ஏற்றி வைத்திருந்ததால், எப்போதையும்விடக் கூடுதலாகவே நாறியது. இயக்குநர் மூச்சை இழுத்துப் பார்த்து முகம் வெளுத்தார். இறால் போய் மூன்று நாளாகியும் நாற்றம் போகவில்லை என்றால் அந்த இறால் எவ்வளவு மோசமானதாக இருந்திருக்க வேண்டும் என்று பாறைக்காரர் வியந்தார்.

வந்தவர்களுக்குத் தலைவி குள்ளமான ஒரு வயதான அம்மாள். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். ஒரு காலத்தில் அவளும் குடுவை பிடித்தவளாம். மாடிப்படி ஏறிக் கடைசிப் படியில் நின்றாள். மூக்கை உயர்த்தினாள்.

இயக்குநர் முந்திக்கொண்டார். "மன்னிக்கணும்மா, இது பழைய இறால்—"

"அமீன்!" என்றாள் தலைவி. அவள் முகம் மலர்ந்துவிட்டது. "இளவயசு ஞாபகம் வருது. எத்தனையோ இடத்துல எந்திரத்தைக் காட்டினாங்க. எங்கயும் ஒரு வாசனையும் கிடையாது, வெறும் படம். இங்கதான் நிஜமா ஏதோ நடக்குதுன்னு மூக்குக்கே தெரியுது."

இயக்குநர் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "ஆமாம்மா, எங்க அமீன்தான்," என்றார். "இங்கயே கண்டுபிடிச்சது." கரியண்ணன் முன்னால் வந்து அது தன் எந்திரத்தின் வாசனை என்று தெளிவுபடுத்தினார். அதன் மூலத்தைக் கண்டறிய ஒரு குழுவே அமைத்து வரைபடம் போட்டிருக்கிறோம் என்று பாறைக்காரர் சொல்லி, ரத்தச் சிவப்பான அறையைப் பெருமையோடு சுட்டிக் காட்டினார். ஆறு மாதமாக நடுத்தெருவில் நின்ற நாற்றத்தை அன்று ஆளாளுக்கு மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சினார்கள். அவளுடைய கணவன் ஓரமாக நின்று தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூளைச் செய்தவன் யார் என்று யாரும் கேட்கவில்லை.

தலைவி கோடி அறையை எட்டிப் பார்த்தாள். "இது என்ன, காலியா இருக்கு?"

"எந்திரத்தை விரிவாக்கறதுக்காகக் காலி பண்ணி வச்சிருக்கோம்," என்றார் இயக்குநர். அந்த யோசனை அவருக்கு அப்போதுதான் வந்தது என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

பழி போனதும் தன் அறை திரும்பக் கிடைக்கும் என்று இறால்காரி அதுவரை நம்பிக்கொண்டிருந்தாள். பழி போய்விட்டது, அதோடு அறையும் போகிறது. இனி நழுவினால் நிரந்தரமாகக் குளியலறைதான்.

"காலி இல்லீங்க," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது. "இது என் இறால் அறை. இறால் நாளைக்குத் திரும்பி வருது."

இயக்குநர் சிரித்தபடியே பல்லைக் கடித்தார். "என்னம்மா சொல்றீங்க? அழிச்சாச்சுன்னு அறிக்கை இருக்கே."

"நாத்தம் இறாலோடதுன்னும் அறிக்கை இருக்கு சார். அதையும் இவங்ககிட்ட காட்டட்டுமா?"

தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன இறால்? என்ன நாத்தம்?"

இயக்குநர் என்ன இருந்தாலும் இயக்குநர். அந்த நாற்காலிக்கு ஆள் சும்மா போய்ச் சேருவதில்லை. "அதுவும் இதே திட்டத்தோட ஒரு பகுதிதாம்மா," என்றார். "எந்திரத்துக்குப் பக்கத்துல உயிரினங்கள் நல்லா இருக்கான்னு பாக்கணும்ல? அதுக்குத்தான் இறால். மூணு வருஷமா பக்கத்து அறையில ஆரோக்கியமா வளருது. சுத்தம் பண்றதுக்காக ரெண்டு நாள் வெளிய வச்சிருக்கோம். இவங்கதான் பொறுப்பு."

"பிரமாதம்," என்றாள் தலைவி. "எந்திரம் ஓடுற வரைக்கும் இறாலும் இருக்கட்டும்."

அவ்வளவுதான். எல்லாரும் இறால்காரியைப் பார்த்தார்கள். தன் ஆராய்ச்சி அது இல்லை, தான் யாருடைய எந்திரத்துக்கும் சாட்சி சொல்ல வரவில்லை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். இன்னும் இரண்டு வாரம்தான் என்று நினைத்தாள். "ஆமாங்க," என்றாள்.

மறுநாள் வாளிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு நிலையத்துக்குப் புறப்பட்டார்கள். ஒன்றிரண்டு தவிர எல்லாம் பிழைத்திருந்தன. ஒன்று பழைய சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுத் தோலோடு மினுமினுத்தது. மாமியார் வாசல் வரை வந்து, "பாத்து எடுத்துட்டுப் போங்க," என்று இறாலுக்கா மருமகளுக்கா என்று தெரியாதபடி சொன்னாள். இறால்காரி வாளிகளுக்கு நடுவில் பின்னால் உட்கார்ந்தாள். பல நாளைக்குப் பிறகு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பாடவேண்டும் போலிருந்தது.

பாதி வழியில் கணவன், "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றான். "இனிமே நீ கேக்காமலே சொல்றதுன்னு முடிவு பண்ணியிருக்கேன்."

"சொல்லுங்க."

"நாத்தம் வருதுன்னா தூள் ஆவியாப் போயிட்டே இருக்குன்னு அர்த்தம். இந்த வருஷக் கடைசியில எந்திரத்துக்குள்ள வெறும் சல்லடைதான் இருக்கும்."

"அத்தானுக்குத் தெரியுமா?"

"அவர் கேக்கல." ஒரு லாரிக்கு வழி விட்டான். "இன்னொண்ணும் இருக்கு. சூடு பண்றதுக்கு கரண்ட் செலவாகுதுல்ல? அந்த கரண்டுக்காக எங்கயோ எரியற நிலக்கரியில வர்ற கரியமில வாயு, எந்திரம் பிடிக்கிறதைவிட ஜாஸ்தி. நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். எந்திரம் ஓடாம இருந்தாத்தான் பூமிக்கு நல்லது."

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. வாளிகள் குலுங்கும் அளவுக்குச் சிரித்தாள். நேரே இயக்குநர் அறைக்குப் போய், அந்தத் தலைவியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் இதைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். கரியண்ணன் முகம் வரை வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. எந்திரம் நின்றால் அதற்குப் பக்கத்தில் இறால் எதற்கு?

காலடியில் பார்த்தவை ஒரு வாளியிலும் பார்க்காதவை ஒரு வாளியிலும் ஆடிக்கொண்டிருந்தன. கணவன் வண்டிக் கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிட்டதில் அவன் முகம் தெளிந்திருந்தது. அவள் என்ன செய்யச் சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தான்.

இரண்டு வாரம் போகட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். முடிவு வந்து, அதை எழுதி முடித்து, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். அதுவரைக்கும் தன்னை யார் கேட்கப் போகிறார்கள்? அப்படி நினைத்த மாத்திரத்தில் அவளுக்கு முகம் சுட்டது. கண்ணாடியிலிருந்து பார்வையைத் திருப்பி, வாளியின் மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவாப் போங்க, தண்ணி தளும்புது," என்றாள்.